சூடாகும் மடிக்கணினி: பயாஸைப் புதுப்பிப்பதா, பழைய பதிப்புக்குத் திரும்புவதா, தொடாமலே விடுவதா?

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு வாரத்தில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டு மேசைக்கு இரண்டு மடிக்கணினிகள் வந்து சேர்ந்தன. ஒன்று என்னுடையது, மற்றொன்று புதுச்சேரியில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகளுடையது. இரண்டுக்கும் சொல்லப்பட்ட குறை ஒன்றுதான், ரொம்பவும் மெதுவாகிவிட்டது என்பது. இரண்டுக்கும் கிடைத்த யோசனையும் ஒன்றுதான், பயாஸை, அதாவது கணினியை எழுப்பிவிடும் அடிப்படை நிரலை, அப்டேட் செய்து பாருங்கள் என்பது. ஆனால் அளந்து பார்த்தபோது என் கணினியின் செயலி (ப்ராசஸர்) 97 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுடையதோ 48 டிகிரியில் அமைதியாக இருந்தும் 0.39 கிகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தாண்ட மறுத்தது. முதலாவது சூட்டினால் மெதுவானது, இரண்டாவது சூடே இல்லாமல் மெதுவானது. இந்த இரண்டையும் ஒரே நோயாக எண்ணி ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் நம் ஊரில் பலரும் பணத்தையும், சில நேரங்களில் கணினியையுமே இழக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குள் போவதற்கு முன், எதை அளப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸில் இயங்கும் கணினியாக இருந்தால், எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, செயலிக்குப் பத்து நிமிடம் கடுமையான வேலை கொடுக்க வேண்டும். வெப்பநிலை, கடிகார வேகம், செயலி இழுக்கும் வாட் அளவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெப்பநிலையை மட்டும் பார்ப்பவருக்குப் பாதிக் கதைதான் தெரியும். இன்டெல் செயலிகள் பலவற்றுக்கு 100 டிகிரியே உச்ச வரம்பு என்பதால், 95-ஐத் தொட்டதும் வேகம் குறைவது செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்பான செயல். இதோடு, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-ப்ராசஸர்-பவர் என்ற பெயரில் 37 என்ற எண் கொண்ட பதிவு இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது. செயலியின் வேகத்தை ஃபர்ம்வேர் (கணினியின் சில்லுகளில் பதிந்திருக்கும் நிரல்) கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறது என்றும், எத்தனை நொடிகளாக அது நீடிக்கிறது என்றும் அந்தப் பதிவு சொல்லும். கணினி குளிர்ந்திருக்கும்போதே இந்தப் பதிவு வரிசையாக விழுந்தால், விசிறியைத் திறந்து பயனில்லை. கட்டளை வேறு எங்கிருந்தோ வருகிறது.

அந்தக் கட்டளை எங்கிருந்து வர முடியும் என்பதைப் புரிந்துகொள்ள, ஃபர்ம்வேர் என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் குறைந்தது மூன்று பகுதிகள் இருப்பதை அறிய வேண்டும். முதலாவது, கணினியை எழுப்பிவிடும் பயாஸ். செயலி நீண்ட நேரம் எத்தனை வாட் இழுக்கலாம், தொடக்கத்தில் சில நொடிகளுக்கு மட்டும் எத்தனை வாட் வரை போகலாம் என்ற வரம்புகளைப் பெரும்பாலும் அதுவே எழுதிவைக்கிறது. 15 வாட் என்று குறிக்கப்பட்ட செயலி, தொடக்க நொடிகளில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இழுக்க அனுமதிக்கப்படுவது வழக்கமே. இரண்டாவது, எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறிய சில்லுக்கு உரிய நிரல். விசிறி எந்தச் சூட்டில் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும், சார்ஜரை நம்பலாமா என்பதையெல்லாம் அது கவனிக்கிறது. மூன்றாவது, செயலிக்குள்ளேயே ஏற்றப்படும் மைக்ரோகோட், அதாவது செயலியின் உள் இயக்கத்தைத் திருத்தும் சிறு நிரல். நாம் பதிவிறக்கும் ஒற்றைக் கோப்பு பல மாடல்களில் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுகிறது. விசிறிச் சத்தம் குறைய வேண்டும் என்று புதுப்பித்தவருக்கு வாட் வரம்பும் சேர்ந்து குறைந்துபோவது இதனால்தான்.

புதுப்பிப்பதே சரியான மருந்தாக இருந்த சம்பவங்கள் உண்டு. 2018 ஜூலையில் ஆப்பிளின் புதிய மேக்புக் ப்ரோ கடுமையான வேலையில் தேவைக்கு மேல் வேகம் குறைந்தது. வெப்ப மேலாண்மைக்கு உரிய ஒரு டிஜிட்டல் சாவி ஃபர்ம்வேரில் விடுபட்டுப்போனதே காரணம் என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, சில நாட்களில் திருத்தம் வெளியிட்டது. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ப்ரோ 6, சர்ஃபேஸ் புக் 2 ஆகியவற்றைப் பயன்படுத்தியவர்கள் செயலி 400 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுவதாக முறையிட்டார்கள். இத்தகைய குறைகளுக்கு எத்தனை முறை தூசைத் துடைத்தாலும் வெப்பம் கடத்தும் எந்தப் பசையைப் பூசினாலும் தீர்வு கிடைக்காது. எனவே தயாரிப்பாளரின் பக்கத்தில் உங்கள் மாடலுக்கு உரிய பதிப்புக் குறிப்பைப் படித்து, அதில் விசிறி, வெப்பம், செயல்திறன், சார்ஜர் அறிதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருந்தால், உங்கள் குறையும் அதுவாகவே இருந்தால், தயங்காமல் புதுப்பிக்கலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் என்று மட்டும் எழுதியிருந்தாலும் புதுப்பிப்பது நல்லதுதான். ஆனால் அது சூட்டைத் தணிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

என் கணினியில் நான் செய்த பிழை, வரிசையை மாற்றியது. அளந்த பிறகும், திறப்பதற்குச் சோம்பல்பட்டு, வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது என்பதற்காக முதலில் பயாஸைப் புதுப்பித்தேன். வெப்பநிலை 97-இலிருந்து 89-க்கு இறங்கியது கண்டு மகிழ்ந்தேன். ஆனால் வழக்கமாக 22 நிமிடத்தில் முடியும் ஒரு வீடியோ ஏற்றுமதி 27 நிமிடம் எடுத்தது. முன்பு 97-ஐ நெருங்கியபோது தொடங்கிய கட்டுப்பாட்டைப் புதிய பதிப்பு 89-லேயே தொடங்கிவிட்டது. சூடு குறைந்ததற்கு விலையாக வேலையும் குறைந்தது. வெப்பநிலை இறங்கியதை மட்டும் பார்த்திருந்தால் சரியாகிவிட்டது என்றே நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். புதுப்பிப்பதற்கு முன்பும் பின்பும் ஒரே வேலையை ஒரே அறையில் செய்து நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்த அனுபவத்தால்தான்.

பிறகுதான் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றேன். அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, விசிறியின் மேல்தகட்டைத் தூக்கியதும் அந்தத் தம்பி, "இங்க பாருங்க சார், இது எப்படிக் காத்து போகும்?" என்று காட்டினார். விசிறிக்கும் செம்புத் தகடுகளின் வரிசைக்கும் நடுவில், விரல் நகத்தின் கனத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு விரிப்பு படிந்திருந்தது. இடுக்கியால் அதன் ஒரு முனையைப் பிடித்து இழுத்தபோது கிழியாமல் முழுதாக, ஒரு சிறிய நாடாவைப் போல எழுந்து வந்தது. வெளியிலிருந்து காற்றுத்துளை வழியாகப் பார்த்தால் தகடுகள் பளிச்சென்று சுத்தமாகத்தான் தெரியும். அழுக்கு அவற்றின் உட்பக்கத்தில் இருக்கிறது. கடலோர ஊர்களில் இது இன்னும் மோசமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் காற்றில் உப்பு கலந்திருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கிறது. ஈரம் சேர்ந்த தூசு உதிராமல் இறுகிவிடுகிறது. அதனால் வெளியிலிருந்து புளோயரால் ஊதினால் அந்த விரிப்பு அசைவதுகூட இல்லை. விசிறிதான் அளவுக்கு மீறிச் சுழன்று கெட்டுப்போகும். திறந்து, விசிறியை விரலால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு துடைப்பதே முறை.

செயலியின் மேல் பூசப்பட்டிருந்த, வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டும் காய்ந்து ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுப்பகுதி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. பழையதைத் துடைத்துப் புதிதாகப் பூசி, குறிக்கப்பட்ட எண் வரிசைப்படியே திருகுகளை இறுக்கி மூடினார். அதே வீடியோ 16 நிமிடத்தில் முடிந்தது. வெப்பநிலை 78-ஐத் தாண்டவில்லை. வெப்பம் வரம்புக்குக் கீழே இருப்பதால், புதிய பயாஸின் கடுமையான கட்டுப்பாட்டுக்கு இப்போது வேலையே இல்லை. செலவு சில நூறு ரூபாய். உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் தானாகத் திறப்பது மட்டும் யோசித்துச் செய்ய வேண்டியது. அதற்கு அந்தந்த நிறுவனத்தின் சேவை மையத்திலேயே துடைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

இங்கே காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விசிறி வேகமும் வேலையும் மாறாமல் இருந்தால், அறையின் வெப்பம் ஏறும் அளவுக்குச் செயலியின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவில் ஏறும். மார்கழியில் 26 டிகிரி அறையில் 85-ஐத் தொட்ட கணினி, அக்னி நட்சத்திரத்தில் 36 டிகிரி அறையில் 95-ஐத் தொடுவது இயற்கையே. இடையில் ஏப்ரலில் விண்டோஸ் தானாகவே ஒரு பயாஸ் புதுப்பிப்பை ஏற்றியிருந்தால், பழியெல்லாம் அதன் மேல் விழும். அந்தப் புதுப்பிப்பு வந்த பிறகுதான் இப்படி என்று என்னிடம் சொன்னவர்களிடம் நான் முதலில் கேட்பது, அறையில் அப்போது எவ்வளவு வெயில் என்பதைத்தான். ஒரு நாள் குளிரூட்டிய அறையில் வைத்து அதே வேலையைச் செய்து பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

தங்கை மகளின் கணினிக்கு வருகிறேன். அதைப் பார்த்த ஒரு சேவை மையத்தில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருந்தார்கள். ஈவென்ட் வியூவரில் 37-ஆம் எண் பதிவு நூற்றுக்கணக்கில் இருந்தது. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டியபோது வேகம் உடனே ஏறியது. செருகியதும் மீண்டும் 0.39-க்கு விழுந்தது. "சார்ஜர் எப்போ வாங்கின?" என்று கேட்டேன். "ஒரிஜினல் ஒயர் அறுந்துபோச்சு மாமா, ஹாஸ்டல் பக்கத்துல புதுசு வாங்கினேன்" என்றாள். காரணம் அதுதான். பல நிறுவனங்களின் உருளைமுனைச் சார்ஜர்களில் நடுவில் ஊசி போல ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அது மின்சாரத்தைக் கொண்டுவருவதற்கு அன்று, தான் எத்தனை வாட் சார்ஜர் என்று கணினிக்குச் சொல்வதற்கு. மலிவான மாற்றுச் சார்ஜரில் அந்த அடையாளம் இல்லாவிட்டாலோ அந்த ஊசி வளைந்துவிட்டாலோ, ஃபர்ம்வேர் அதை நம்பாமல், செயலியைக் கீழே இழுத்துப் பிடித்துவிடும். பயாஸின் முதல் திரையிலேயே சார்ஜரின் வகை தெரியவில்லை என்று எழுதியிருந்ததை மையத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவளுடைய வகுப்புத் தோழியின் அசல் சார்ஜரைச் செருகிய சில நொடிகளில் வேகம் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது.

இந்த வகைக் கட்டுப்பாட்டை வலுக்கட்டாயமாக நீக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. செயலிக்கு வெளியிலிருந்து வரும் அபாயச் சமிக்ஞையைக் காதில் வாங்காதே என்று அவை செயலியிடம் சொல்லிவிடுகின்றன. காரணம் தெரிந்து, அசல் உதிரிப்பாகம் வரும்வரை இரண்டொரு நாள் சமாளிப்பதற்கு வேண்டுமானால் இதைப் பயன்படுத்தலாம். வீங்கிய பேட்டரியோ எரியத் தொடங்கிய மின்சுற்றோகூட இதே சமிக்ஞையைத் தரக்கூடும் என்பதால், அதை நிரந்தரமாக அமுக்கி வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய பயாஸ் பதிப்புக்குத் திரும்புவது, புதுப்பித்த நாளிலிருந்தே குறை தொடங்கியது என்று அளவீடுகளோடு காட்ட முடிந்தால் மட்டுமே பொருளுள்ள வழி. இதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற, செயலிகளின் பாதுகாப்புக் குறைக்காக வந்த மைக்ரோகோட், சில கணினிகளைத் திடீரென்று மறுதொடக்கம் செய்ய வைத்ததால், அதை மேலும் பரப்ப வேண்டாம் என்று அந்த மாதம் 22-ஆம் தேதி இன்டெல்லே கேட்டுக்கொண்டது. தயாரிப்பாளர்களும் தங்கள் புதிய பயாஸ்களைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் இந்த வழிக்கு இரண்டு தடைகள் உள்ளன. பல மாடல்களில் குறிப்பிட்ட ஒரு பதிப்பைத் தாண்டிவிட்டால் பின்னோக்கிப் போகவே விடுவதில்லை. அது பதிப்புக் குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும், ஏற்றுவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படித்துவிட வேண்டும். இரண்டாவது தடை பலரும் அறியாதது: பயாஸில் உள்ளதைவிடப் புதிய மைக்ரோகோட் தன்னிடம் இருந்தால், விண்டோஸும் லினக்ஸும் தொடங்கும்போதே அதை ஏற்றிவிடுகின்றன. ஆகவே வேகக் குறைவுக்கு மைக்ரோகோட் காரணமாக இருந்தால், பயாஸைத் திருப்பியும் பயன் இருக்காது. 2023 ஆகஸ்டில் வெளிவந்த டவுன்ஃபால் என்ற பாதுகாப்புக் குறைக்கான திருத்தம், 6 முதல் 11 வரையிலான இன்டெல் தலைமுறைகளில் சில குறிப்பிட்ட கணக்கீடுகளை மெதுவாக்கக்கூடியது. ஆனால் கடிதம் எழுதுபவரும் இணைய வகுப்பு பார்ப்பவரும் அதை உணரவே வாய்ப்பில்லை.

பயாஸைத் தொடாமலும் கணினியைத் திறக்காமலும், விண்டோஸின் மின்சக்தி அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 100-இலிருந்து 99 விழுக்காடாக மாற்றுவது ஒரு வழி. இந்த ஒரு விழுக்காடு, டர்போ எனப்படும் கூடுதல் வேகத்தை முழுவதுமாக நிறுத்திவிடும். வெப்பம் உடனே கணிசமாக இறங்கும். கணக்கு எழுதுவதற்கும் இணையம் பார்ப்பதற்கும் பயன்படும் கணினிக்கு, வெயில் காலத்தில் மட்டும் இப்படி வைப்பது மிக நல்ல ஏற்பாடு என்பேன். பிடிக்காவிட்டால் ஒரு நொடியில் மாற்றிக்கொள்ளலாம், எதுவும் கெடாது. செயலிக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைப்பது இதைவிட நயமான வழியாக ஒரு காலத்தில் இருந்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்ட பிறகு, பெரும்பாலான இன்டெல் மடிக்கணினிகளின் பயாஸ் அந்தக் கதவை மூடிவிட்டது. அதைத் திறப்பதற்காக யாரோ திருத்தி வெளியிட்ட பயாஸை ஏற்றுவது, வீட்டில் ஒரே ஒரு கணினி வைத்திருப்பவர் செய்யக் கூடாத காரியம்.

புதுப்பிப்பதுதான் முடிவு என்றால், கடலூரிலும் புதுச்சேரியிலும் நாள் பார்த்துத்தான் செய்ய வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நிற்கும் என்ற அறிவிப்பு உங்கள் பகுதிக்கு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது போன்ற நாட்களில் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். நல்ல பேட்டரி உள்ள கணினிக்கு மின்தடையால் ஆபத்து குறைவு. பேட்டரி செத்துப்போய், சார்ஜரில் மட்டுமே ஓடும் ஐந்தாறு வயதுக் கணினிதான் பயாஸைப் பாதி எழுதும்போது அணைந்து, பிறகு எழாமலே போகிறது. முதலில் விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்து, அதன் இப்போதைய கொள்ளளவைப் பார்த்துவிடுங்கள். மோசமாக இருந்தால் பேட்டரியை மாற்றிய பிறகே பயாஸைத் தொடுங்கள்.

அதேபோல், பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுப்பித்து முடிந்ததும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நீலத்திரை நிற்கும். தேர்வுக்கு முந்தைய இரவில் அந்தத் திரையைப் பார்த்து அழுத மாணவரை நான் கண்டிருக்கிறேன். சாவி அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே பத்திரமாக இருந்தது, அந்தக் கணக்கின் கடவுச்சொல்தான் அவருக்கு நினைவில் இல்லை.

எழுதுவது பாதியில் நின்று கணினி எழாமல் போனாலும் உடனே போர்டை மாற்றச் சம்மதிக்க வேண்டாம். சில நிறுவனங்களின் மாடல்களில் குறிப்பிட்ட விசைகளை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், மறைவாக வைத்துள்ள நகலிலிருந்து தானே மீண்டுவிடும். அதுவும் நடக்காவிட்டால், எட்டுக் கால்கள் கொண்ட அந்தச் சிறிய பயாஸ் சில்லில் கிளிப்பை மாட்டி, புரோகிராமர் கருவி மூலம் நேரடியாக எழுதித் தரும் கடைகள் உள்ளன. அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எழுதுவதற்கு முன் சில்லில் உள்ளதைப் படித்துச் சேமிப்பீர்களா? உங்கள் கணினியின் வரிசை எண்ணும், கணினியுடன் வந்த விண்டோஸ் உரிமச் சாவியும் அதற்குள்தான் இருக்கின்றன. வேறொரு கணினியின் கோப்பை அப்படியே எழுதிவிட்டால் இரண்டும் போய்விடும்.

என் கணினியில் புதிய பயாஸை அப்படியே விட்டிருக்கிறேன். துடைத்த பிறகு அதனால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை, பாதுகாப்புத் திருத்தங்களும் கூடவே இருக்கின்றன. அடுத்து திறந்து துடைப்பதற்குச் சித்திரை பிறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைத்திருக்கிறேன். தங்கை மகளுக்கு அசல் சார்ஜர் வாங்கிக் கொடுத்தாயிற்று. அவளுடைய மாடலுக்கு இரண்டு புதிய பயாஸ் பதிப்புகள் வந்திருக்கின்றன. இரண்டின் குறிப்பிலும் பாதுகாப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பருவத் தேர்வு முடிந்து வீட்டுக்கு வரும்போது, பேட்டரி அறிக்கையைப் பார்த்துவிட்டு, மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஏற்றலாம் என்று சொல்லியிருக்கிறேன்.